ஏழாம் பக்கம், பதினொன்றாம் வரி

1

அன்புள்ள சாமுவேல், ரூத்,

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் தங்கை கிரேஸ் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள். தலை நனைந்திருந்தது, கையிலிருந்த பிளாஸ்டிக் பை மட்டும் நனையவில்லை. பைக்குள் ஒரு சின்னப் புத்தகம். கிள்ளானில் ஒரு சபை நடத்தும் முதியோர் இல்லத்தில் அவளுக்குக் கிளார்க் வேலை கிடைத்திருக்கிறது. நான் வேலை பார்த்த பழைய மிஷன் அல்ல, இது வேறு சபை. வேலைக்குச் சேருகிறவர்கள் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

“அப்பா, இங்க நான் சைன் பண்ணணும், கீழ நீங்க விட்னஸ் போடணும். மண்டே காலையில குடுக்கணும். சீக்கிரம் லா.”

இருபத்தைந்து வருஷம் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவன் நான். படிக்காமல் எதன் கீழும் கையெழுத்துப் போடுவதில்லை. எட்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தேன். நான்காம் பக்கத்தில் மருத்துவ வசதி. பல் வைத்தியம் உண்டு, கண்ணாடி உண்டு, பாம்பு கடித்தால் உண்டு. அதற்குக் கீழே ஒரு வரி. பிள்ளை பிறக்காமல் தடுக்கும் மருந்து, சிகிச்சை எதையும் இல்லம் ஏற்காது, அது எங்கள் விசுவாசத்துக்கு மாறானது என்று.

என் கை நின்றுவிட்டது.

“என்னப்பா?”

“இந்த வரியைப் படிச்சியாம்மா?”

“அது எல்லா எடத்துலயும் இருக்கும்பா. ஸ்டாண்டர்ட் லா. நான் கல்யாணமே ஆகாதவ, எனக்கு எதுக்கு அது?”

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த உங்கள் அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. வரி எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். விரல் வைத்துக் காட்டி, அர்த்தமும் சொன்னேன். அந்த வரியின் மேல் தன் விரலையும் வைத்தாள். பிறகு கிரேஸிடம் சொன்னாள்.

“உனக்கு இல்லடி. உனக்குப் பக்கத்து மேசையில உக்காரப் போறாளே ஒருத்தி, அவளுக்கு.”

என் பக்கம் திரும்பினாள். “என்னங்க, இவளுக்கு நான் வாயால சொல்லிக்கிறேன். அந்த ரெண்டு பேருக்கும் நீங்க எழுதுங்க. இனிமேலாவது எழுதுங்க.”

அதனால் எழுதுகிறேன். சாமுவேல், போன கிறிஸ்துமஸ் கடிதத்தில் நீ கேட்டிருந்தாய்: ‘என்னையும் ரூத்தையும் மட்டும் ஏன் திருச்சிக்கு அனுப்பினீர்கள்? கிரேஸை ஏன் வைத்துக்கொண்டீர்கள்?’ இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் சரியில்லை என்று பதில் எழுதினேன். அது பொய். உண்மை கீழே இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

2

நான் இந்த மலேசியாவுக்கு வந்தது மிஷன் அச்சகத்துக்கு. மிஷனின் பெயர் வேண்டாம். அதில் நல்ல மனுஷர்களும் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். அச்சகம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில் பாதைக்குப் பின்னால். அவர்களுக்கே ஒரு ஆஸ்பத்திரியும் இருந்தது, கிள்ளான் போகிற வழியில். தமிழ் கோக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று திருச்சிக்கு எழுதினார்கள், என்னை அனுப்பினார்கள். ஜெபப் புத்தகம், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, எல்லாம் ஈய எழுத்துதான். என் விரல் நுனியில் இன்னமும் அந்தக் கறுப்பு இருக்கிறது என்று உங்கள் அம்மா சொல்வாள்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நான் வேலைப் பெர்மிட்டில் இருந்தவன். ஒவ்வொரு வருஷமும் குடிநுழைவு அலுவலகத்தில் வரிசையில் நின்று பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு மிஷன் கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் நான் இல்லை, நான் இல்லாவிட்டால் என்னைச் சார்ந்து வந்த உங்கள் அம்மாவும் நீங்களும் இல்லை. நாங்கள் இருந்த வீடும் மிஷன் குவாட்டர்ஸ். ஜெபிக்கும் கோயிலும் அவர்களுடையது, காய்ச்சலுக்குப் போகும் ஆஸ்பத்திரியும் அவர்களுடையது. ஒரே வாசல். அந்த வாசலில் நிற்பவர் கோபித்துக்கொண்டால் வெளியே போக வேறு வழி கிடையாது.

இது எனக்கு அப்போது பாதுகாப்பாகத் தெரிந்தது. வேலையும் சாமியும் ஒரே இடத்தில் இருப்பது எவ்வளவு நல்லது என்று ஊருக்குக் கடிதம்கூட எழுதினேன்.

3

தொழிலாளர் கையேடு என்று ஒன்று போட வேண்டும் என்று மிஷன் முடிவு செய்தது. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடமான டோபியில் துவைக்கிற பெண்கள், சமையல் ஆட்கள், டிரைவர்கள், அச்சகத்து ஆட்கள், எல்லாருக்கும் விதிமுறை. இங்கிலீஷில் எழுதியாயிற்று. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தமிழ்தான் படிக்க வரும் என்பதால் உபதேசியார் தமிழில் எழுதிக் கொடுத்தார்.

உபதேசியாருக்கு ரொட்டி சானாய் என்கிற பரோட்டாக் கடையில் உட்கார்ந்து எழுதுகிற பழக்கம். ஏழாம் பக்கத்தில் பருப்புக் குழம்பு சிந்தியிருந்தது. பதினொன்றாம் வரியில் ‘கரு’ வரைக்கும் தெரிந்தது, அதற்குப் பிறகு மஞ்சள் கறை. கறை தாண்டி, ‘சம்பந்தமான மருந்து, சிகிச்சை எதையும் மிஷன் ஏற்காது’ என்று இருந்தது.

உபதேசியார் அந்த வாரம் ரவாங் பக்கம் கூட்டத்துக்குப் போய்விட்டார். இங்கிலீஷ் மூலம் அலுவலகத்தில் இருந்தது, போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மிஷன் எதைக் கூடாது என்று சொல்லும்? சபையில் வளர்ந்த எனக்குத் தெரியாதா? ‘கருக்கலைப்பு’ என்று கோத்தேன். வயிற்றில் வந்த பிள்ளையை அழிப்பதற்கு மிஷன் உதவாது. சரிதானே என்று எனக்கே தோன்றியது. வேறொரு சொல்லும் அந்த இடத்தில் உட்காரும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

உபதேசியார் திரும்பி வந்து புரூஃபில் இனிஷியல் போட்டார், பார்க்காமலே. புத்தகம் அச்சாயிற்று. டோபிப் பெண்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள், கைநாட்டு வைத்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கேரி தீவு, டெங்கில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ‘கருக்கலைப்பு கூடாது’ என்பதில் அவர்களுக்கும் சண்டை இல்லை. நானும் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வரியில் நான் போட்டது கவனப்பிழை என்று பிறகு எழுதினார்கள். கவனப்பிழை இல்லை. நான் நம்பின சொல்லைப் போட்டேன்.

4

நீங்கள் இரண்டு பேரும் அம்மாவின் வயிற்றை அறுத்துத்தான் பிறந்தீர்கள். மூன்றாவது முறை அவள் உண்டானபோது ஆஸ்பத்திரி டாக்டரம்மா, சீனப் பெண்மணி, மெலிந்த உடம்பு, மெல்லிய பேச்சு, எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். மூன்றாவது பிள்ளையையும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நான்காவது வந்தால் பழைய தையல் தாங்காது, கருப்பை கிழியும், ஆள் பிழைப்பது உறுதியில்லை. அதனால் மூன்றாவது பிள்ளையை எடுக்கும்போதே குழாயைக் கட்டிவிடுவதுதான் நல்லது. வயிறு எப்படியும் திறந்திருக்கும். சில நிமிஷ வேலை.

“அப்படின்னா கட்டிடுங்க டாக்டர்,” என்றாள் அம்மா, யோசிக்காமல்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். “சினி தா போலே,” என்றார் மலாயில். இங்கே முடியாது.

ஏன் என்று கேட்டேன். கையேட்டின் இங்கிலீஷ் பிரதியை மேசையிலிருந்து எடுத்து ஏழாம் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

“டாக்டர், அது பிள்ளையக் கலைக்கிறது பத்தில்ல? இவ கலைக்கச் சொல்லலியே?”

அவர் அந்தச் சொல்லின் கீழே நகத்தால் கோடு போட்டார். பிறகு மெதுவாக, நான் சின்னப் பிள்ளை மாதிரி, அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னார். கலைப்பது இல்லை. வராமல் தடுப்பது.

என் விரலால், என் பெட்டியிலிருந்து எழுத்து எழுத்தாக எடுத்துக் கோத்தவன் நான். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த ஆஸ்பத்திரியில் தெரியாத ஒரே ஆளும் நான்தான் போல.

பஸ்ஸில் திரும்பினோம். ரயில் நிலையத்துப் பக்கம் பஸ் நின்றபோது எதிரே நின்ற பஸ்ஸின் பக்கவாட்டில் அரசாங்கம் ஒட்டின படம் இருந்தது. அப்பா, அம்மா, சிரிக்கிற பிள்ளைகள், அளவான குடும்பம் என்று மலாயில் எழுத்து. அம்மா அதையே பார்த்தாள்.

“கவர்மென்டு வேணாங்குது, மிஷன் வேணுங்குது. நான் என்ன சொல்றேன்னு கேக்கறதுக்கு யாராச்சும் இருக்காங்களா?”

5

மிஷன் நிர்வாகி மிஸ்டர் செல்லையா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், அலுவலகத்தில் இங்கிலீஷ். தமிழ் பேசுவார், படிக்கத் தடுமாறுவார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். என் முன்னால் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“நீர் தானே கோத்தனீர்?”

“ஆமா சார்.”

“கையெழுத்தும் போட்டனீர்?”

“தமிழ்ல இருக்கிறதுக்குப் போட்டேன் சார்.”

“இங்கிலீஷ் பிரதிதான் செல்லும் எண்டு கடைசிப் பக்கத்தில கிடக்குது. அதையும் நீர் தான் கோத்தனீர்.”

அது உண்மை. அந்த வரியைப் பிழையில்லாமல் கோத்திருந்தேன்.

“சார், நான் சபையை மாத்தச் சொல்லலை. என் சம்சாரம் செத்துப்போகக் கூடாதுன்னு சொல்றேன். டாக்டரே சொல்றாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாசிலாமணி, எனக்கு விளங்குது. ஆனா இது என்ட கையில இல்லை. ஆஸ்பத்திரி மிஷன்ட விசுவாசத்தில நடக்குது. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடவேணும். நீர் ஜெபம் பண்ணும்.” பிறகு, எழுந்திருக்கப் போன என்னிடம், “உம்மட பெர்மிட் எப்ப முடியுது?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். சாதாரணமாகக் கேட்டதுதான் வலித்தது.

பிள்ளைகளே, நான் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவன். சபை ஒன்றைப் பாவம் என்று சொல்லட்டும், பிரசங்கத்தில் சொல்லட்டும், வேண்டுமானால் என் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். கேட்பதும் கேட்காததும் என் மனசாட்சி. ஆனால் சம்பளம் கொடுக்கிற கையே விசுவாசத்தையும் பிடித்திருந்தால் அதற்குப் பெயர் பிரசங்கம் இல்லை, உத்தரவு. டோபியில் துவைக்கிற பெண் அவர்கள் சாமியைக் கும்பிடவே இல்லை. அவள் அவர்களுக்குக் கொடுத்தது கை உழைப்பு. கைக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு வயிற்றுக்கும் சேர்த்துச் சட்டம் போட யார் அதிகாரம் கொடுத்தது? வேலைக்காரனுக்கு வைத்தியம் பார்ப்பது தர்மம் இல்லை, அது கூலியில் ஒரு பங்கு. என் கூலியை எடுத்துக்கொண்டு, இதற்குத்தான் செலவழிப்பேன், இதற்குச் செலவழிக்க மாட்டேன் என்று என் சாமி பெயரால் எனக்கே சொல்வதா?

6

ஆஸ்பத்திரி லோரி டிரைவர் கோவிந்தராஜு எங்கள் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். கிள்ளான்காரர், வாயில் எப்போதும் பல்குச்சி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார்.

“பருப்புக் குழம்பாலயா அண்ணே? ரெண்டு வருஷமா நாங்க கத்தியும் மிஷன் மறைக்கிறது ஒண்ணும் வெளிய வரல. உங்க உபதேசியாரு பருப்பு வெளிய கொண்டாந்துடுச்சு லா!” பிறகு பல்குச்சியைத் துப்பினார். “விடக் கூடாதுண்ணே இத. டோபி பொம்பளைங்க கிட்ட சொல்லுவோம்.”

டோபியில் மூத்தவர் லெட்சுமியக்கா. கேரி தீவில் பிறந்தவர். நீராவிக்கு நடுவில் நின்றுகொண்டு நான் விளக்கினதைக் கேட்டார். இரண்டு சொல்லையும் இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

“இப்ப சொல்லு தம்பி. நான் கை வச்சது எதுக்கு?”

“கலைக்க மாட்டோம்ங்கிறதுக்கு அக்கா.”

“அவுங்க எழுதிக்கிட்டது?”

“தடுக்கவும் மாட்டோம்ங்கிறதுக்கு.”

“ஏழு பெத்தேன்யா நானு. அஞ்சாவதுக்கு அப்புறம் மாத்திரை கேட்டேன், அந்த மருந்து ஜன்னல்ல இல்லைன்னுட்டாங்க. தீந்துபோச்சுன்னு நெனச்சேன். இருந்துக்கிட்டே இல்லைன்னாங்களா?” பக்கத்தில் இருந்தவள் அவர் தோளைத் தொட்டாள். அவர் தட்டிவிட்டார்.

சங்கம் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தது. கிள்ளானில் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய் அதிகாரி, மலாய் வழக்கப்படி மரியாதையாக என்சிக் என்று கூப்பிட்டோம். இந்தப் பக்கம் செல்லையா, கோவிந்தராஜு, லெட்சுமியக்கா, நான். என்னை மலாயில் விளக்கச் சொன்னார் அதிகாரி. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மலாயில் என்ன சொல் என்று பஸ்ஸில் வரும்போதுகூட மனப்பாடம் பண்ணினேன். வாயைத் திறந்ததும் மறந்தது. ‘குடும்பம்’ என்பதற்கு முன்னால் ‘குறைவு’ என்பதற்கு எனக்குத் தெரிந்த மலாய்ச் சொல்லைப் போட்டு, “குராங் கெலுவார்கா, என்சிக்,” என்றேன்.

லெட்சுமியக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “என்னய்யா தம்பி, குரங்குக் குடும்பம்ங்கிற? நம்மளயா சொல்ற?”

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் எல்லாரும் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். நல்ல மனுஷர். இரண்டு புத்தகத்தையும் புரட்டிவிட்டு, “மானா சத்து யாங் பெத்துல்?” என்றார். இரண்டில் எது சரி?

அந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் வந்திருந்தோம்.

கடைசியில் அவர் சொன்னது இது. முதலாளி மருத்துவ வசதி கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது. எது மருத்துவம், எது இல்லை என்று சட்டம் சொல்லவில்லை. அந்த இடம் காலியாக இருக்கிறது. காலி இடத்தில் முதலாளி எழுதினால் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தமிழ்ப் பிரதி தப்பு, அதை மிஷன் திருத்த வேண்டும்.

பார்த்தீர்களா? வென்றோம். தப்பைத் திருத்த உத்தரவு வாங்கினோம். எந்தத் தப்பை?

மறுநாள் செல்லையா ஒரு துண்டுச் சீட்டுக்கு வாசகம் எழுதி அனுப்பினார், என்னையே கோக்கச் சொல்லி. இன்னும் மனப்பாடமாக இருக்கிறது:

‘பிழைதிருத்தம். பக்கம் ஏழு, வரி பதினொன்று: கருக்கலைப்பு என்பதைக் கருத்தடை எனத் திருத்தி வாசிக்கவும். அச்சகத்தாரின் கவனப்பிழைக்கு வருந்துகிறோம்.’

கோத்தேன். எழுத்துப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கலாம். பெர்மிட்டுக்கு இரண்டு மாதம் இருந்தது, அம்மாவுக்கு ஏழு மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் கோத்தேன்.

சீட்டை எல்லார் புத்தகத்திலும் ஒட்டி, பக்கத்தில் மறுபடி கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். டோபியில் ஒருத்தியும் போடவில்லை. லெட்சுமியக்கா கட்டை விரலை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நின்றார். “வெரலு நோவுதுய்யா. மிஷன்ல வெரலுக்கு மருந்து உண்டா, அதுவும் கெடையாதா?” போடாவிட்டாலும் பழைய கையெழுத்தே செல்லும் என்று அலுவலகம் அறிவித்துவிட்டது. அத்துடன் வழக்கு முடிந்தது.

7

டாக்டரம்மா ரகசியமாக ஒரு கடிதம் கொடுத்தார், கோலாலம்பூர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. அங்கே நாள் குறித்தார்கள். அம்மா துணிப்பையைக் கட்டி வாசல் பக்கத்தில் வைத்தாள். ஆனால் குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பே, மத்தியானம், நான் அச்சகத்தில் இருந்தபோது வலி வந்துவிட்டது. பக்கத்து வீட்டார் மிஷன் வண்டியைக் கூப்பிட்டார்கள். மிஷன் வண்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்.

ஆபரேஷன் மேசையில் படுத்துக்கொண்டு அம்மா, “கட்டிடுங்க, கட்டிடுங்க,” என்று சொல்லிக்கொண்டே மயங்கினாளாம். டாக்டரம்மா மேலதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்டார். கூடாது என்று பதில் வந்தது. கிரேஸை எடுத்தார்கள், வயிற்றைத் தைத்தார்கள். திறந்திருந்த வயிற்றை, சில நிமிஷ வேலையைச் செய்யாமல், தைத்து மூடினார்கள்.

தையல் ஆறட்டும், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றது அரசாங்க ஆஸ்பத்திரி. பிறகு காத்திருப்போர் பட்டியல். அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள், அம்மாவுக்குத் தலைச்சுற்றலும் வாந்தியும் தாங்கவில்லை, விட்டுவிட்டாள். புருஷன் ஆபரேஷன் செய்துகொள்ள வழியில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இப்போது நீங்கள் பெரியவர்கள், சொல்கிறேன். வழி இருந்தது. நான் வெட்கப்பட்டேன். பாவம் என்று சபை சொன்னதை நானும் பாதி நம்பினேன். நம்பினதற்கு விலை கொடுத்தது நான் இல்லை, அவள். இந்தக் கடிதத்தில் நான் யார் மேல் கோபப்பட்டாலும் அதில் ஒரு பங்கு எனக்கும் சேர்த்துத்தான்.

நான்காவது உண்டாயிற்று. எட்டாம் மாதம், சமையலறையில் பகல் பன்னிரண்டு மணிக்கு அம்மா விழுந்தாள். நான் மிஷன் வண்டியைக் கூப்பிடவில்லை. கோவிந்தராஜு லோரியைக் கொண்டுவந்தார். துவைக்கப்போகிற துணி மூட்டைகளின் மேல் படுக்க வைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே அவள் எந்தச் சபை என்று யாரும் கேட்கவில்லை. இரத்தம் எந்த வகை என்று கேட்டார்கள். லோரியில் கூட வந்த லெட்சுமியக்கா இரத்தம் கொடுத்தார்.

ஆண் குழந்தை. உயிர் இல்லை. கருப்பையை எடுத்துவிட்டார்கள். அம்மா பிழைத்தாள்.

ஒரு வருஷம் எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். சாமுவேல், உனக்கு ஐந்து வயது. ரூத்துக்கு மூன்று. கிரேஸ் கைக்குழந்தை, ஒரு வாரக் கப்பல் பயணமும் புது ஊர்த் தண்ணீரும் தாங்காது என்று டாக்டர் தடுத்தார். உங்கள் சித்தப்பாவும் சித்தியும், பிள்ளை இல்லாதவர்கள், ஒரு வருஷம் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒரு வருஷம்தான், சத்தியமாக. வருஷம் முடிந்து உங்களைத் திரும்ப அழைக்க மனுப்போட்டபோது, நாட்டை விட்டுப் போனதால் நீங்கள் இங்கே தங்கும் பாஸ் காலாவதி, புதிதாக வேண்டுமானால் முதலாளியின் கடிதம் கொண்டுவா என்றது குடிநுழைவு. செல்லையாவிடம் போனேன். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனவனுக்குப் பெர்மிட் கடிதம் கொடுப்பதே பெரிது என்று மேலிடத்தில் சொல்கிறார்கள், பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேட்க முடியாது என்றார். மூன்று முறை கேட்டேன். மூன்றாம் முறை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நிரந்தரமாகத் தங்குகிறவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை கிடைத்து நான் மிஷனை விட்டு வெளியே வந்தபோது, சித்தியை நீங்கள் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அப்போது பிடுங்கிக்கொண்டு வர எனக்கு மனசு வரவில்லை.

இதுதான் பள்ளிக்கூடம் சரியில்லாத கதை.

8

சில வருஷத்தில் அரசாங்கத்துக்கும் மனசு மாறியது. ஜனத்தொகை பெருக வேண்டும், நிறையப் பெறுங்கள் என்று பேச ஆரம்பித்தார்கள். பஸ்ஸில் இருந்த படம் போய்விட்டது. அம்மா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “இப்ப வந்து கேக்குறாங்க,” என்றாள். அவ்வளவுதான். முதல் முறை குறை என்றபோதும் இரண்டாம் முறை கூட்டு என்றபோதும் அவளிடம் கேட்டவர் யாரும் இல்லை.

கிரேஸுக்கு அம்மா வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கிரேஸ் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், வீட்டில்கூட பாதி இங்கிலீஷ். என் பிள்ளைகளில் எனக்குப் பக்கத்தில் வளர்ந்தவளே எனக்குத் தூரம் என்று நான் குறைப்பட்டிருக்கிறேன். சனிக்கிழமை முழுக்க அவள் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. ஞாயிறு கோயிலுக்குப் போய் வந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, அந்த ரெண்டு வேர்ட்ஸ் திரும்பச் சொல்லுங்க.”

சொன்னேன். கருக்கலைப்பு. கருத்தடை. வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

“செல்லையா அங்கிள் எந்த வேர்ட் சரின்னு பார்த்தாரு. நீங்களும் அதத்தானே பார்த்தீங்க?”

“ஆமா.”

“ஆனா அந்த லைனே அங்க இருக்கக் கூடாதுல்ல?”

பத்தொன்பது வயதுப் பெண். நாங்கள் சங்கம் வைத்து, புகார் எழுதி, மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்காமல் விட்டதைக் கேட்டாள்.

“சின்ன வயசுல உங்க புரூஃப் பேப்பர்ல நான் கிறுக்குவேனே, வால் போட்ட ஒரு குறி. தூக்கிடுன்னு அர்த்தம்னு சொல்லிக் குடுத்தீங்க. எப்படிப் போடுறது அது?”

சிவப்புப் பென்சிலை எடுத்துவந்தேன். வரியின் மேல் குறுக்கே ஒரு கோடு, கோட்டின் முடிவில் பக்க ஓரத்தில் ஒரு சுழி, சுழியிலிருந்து கீழே ஒரு வால். செய்தித்தாள் ஓரத்தில் போட்டுக் காட்டினேன். அவள் நான்காம் பக்கத்தைத் திறந்தாள். ஒரே இழுப்பில், ஒழுங்காகப் போட்டாள்.

“வேலை போயிடும்மா,” என்றேன்.

“போகட்டும்பா. இல்லன்னா கேப்பாங்க, இது என்னன்னு. கேட்டா சொல்றேன்.”

அம்மா எட்டிப் பார்த்தாள். “சுழி கொஞ்சம் பெருசா இருக்கு,” என்றாள். இருந்தாலும் புத்தகத்தை அவளே பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாயை மடித்துக் கொடுத்தாள்.

இன்று திங்கட்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு கிரேஸ் பஸ் ஏறிவிட்டாள். கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்துக்கு விட்ட இடமும் வெள்ளை, சாட்சிக்கு விட்ட இடமும் வெள்ளை. நான் சாட்சியாக என் பெயரை நான்காம் பக்கத்தில் போட்டிருக்கிறேன், அந்தச் சுழிக்குப் பக்கத்தில், தமிழில்.